இனி முதுகு உண்டு

எனக்குப் பிரசவமாகிக் கரமனையில் மாமியார் வீட்டில் படுத்திருந்தபோது, தைலம் தேய்த்து மூலிகை வெந்நீரில் குளிப்பாட்ட ஒரு மலையாளச் சேச்சி வருவார். வாட்டசாட்டமான உடம்பு, மருதாணியில் சிவந்த கொண்டை. அறைக்குள் வந்ததும் முதல் வேலையாகக் கதவைத் தாழிடுவார்.

வெளியே, குழந்தை பார்க்க வந்த தெரு மாமிகள் எனக்கு ஆளுக்கொரு பத்தியம் சொல்லக் காத்திருப்பார்கள். சேச்சி சட்டென்று தேய்த்து முடித்துவிட்டு, "மோளே, நீ உறங்கு. சத்தத்தை நான் பாத்துக்கறேன்" என்பார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து தன் தொடையிலேயே டப் டப்பென்று அடிக்கத் தொடங்குவார்.

"இன்னும் ஆகலையா?" என்று மாமியார் கதவைத் தட்டுவார்.

"இடுப்பு கழிஞ்சுது மாமி, இனி முதுகு உண்டு!"

இடுப்பு முடிந்ததாம், இன்னும் முதுகு பாக்கியாம். அந்த முதுகு முடியவே முடியாது. நான் நிம்மதியாகத் தூங்குவேன். என் முகம் தெளிந்ததற்குத் தன் லேகியம்தான் காரணம் என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சத்தம் நின்றதில் விழித்துக்கொண்டேன். சேச்சி சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வெளியே மாமியாரின் காலடி. அவசரமாக என் தொடையில் நானே அடிக்க ஆரம்பித்தேன்.

"இன்னும் ஆகலையா?"

கண்ணைத் திறக்காமலே சேச்சி கத்தினார்: "இனி முதுகு உண்டு!"

அவர் உண்மையிலேயே தூங்கினாரா என்பது இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.