எந்தக் கண்ணாடி?

மாசாய் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள தொழிற்சாலையில், இரும்புப் பாகங்களின் துருவை அமிலத்தால் கழுவுவது என் வேலை.

அன்று சூப்பர்வைசர் பரமேஸ் தூரத்திலிருந்தே, "அக்கா, கண்ணாடி போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு லா!" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் நான் போட்டிருந்தது பவர் கண்ணாடி.

கேனைச் சாய்த்தபோது அமிலம் தெறித்தது. லென்ஸில் ஒரு துளிகூடப் படவில்லை. ஃபிரேமுக்கு மேலிருந்த இடைவெளி வழியாகக் கண்ணுக்குள் போய்விட்டது. நெருப்பாய் எரிந்தது.

"கண்ண மூடாதீங்க அக்கா, திறங்க!" என்று கத்தியபடி, பரமேஸ் என் முகத்தைக் கண் கழுவும் குழாயில் நெடுநேரம் பிடித்திருந்தார். அதனால்தான் பார்வை தப்பியது என்றார் டாக்டர்.

இப்போது பவர் கண்ணாடிக்கு மேலேயே, முகத்தோடு ஒட்டி மூடும் காகிள்ஸை மாட்டிக்கொள்கிறேன். யாராவது "கண்ணாடி போட்டாச்சு" என்றால், அருகில் போய்ப் பார்க்காமல் கேனைத் தொட விடுவதில்லை.