டெல்பின் டீச்சரும் அந்த ஒரு வாக்கியமும்

“எல்லாத்தையும் சொல்லுங்க கெங்கம்மா. மீனு எப்ப வருது, நல்ல மீனை எப்படிப் பார்க்கறது, வாங்க வர்றவங்க எப்படிப் படுத்தறாங்க, எல்லாம் சொல்லுங்க. அந்த ஒண்ணை மட்டும் சொல்லிடாதீங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

லூப் ரோடில் ஸ்கூட்டரை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தார் டெல்பின் டீச்சர். பின்னால் ஒரு மினி லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அதெல்லாம் அவர் காதில் ஏறாது. நொச்சிக்குப்பத்துக் கெங்கம்மா சங்கரா மீனின் செதிலைச் சீவியபடியே நிமிர்ந்து பார்த்தார்.

“சொல்ல மாட்டேன் டீச்சர். அம்மன் மேல சத்தியம். இன்னா, பத்தலியா? சரி, உங்க மாதா மேலயும் சத்தியம். போதுமா?”

போதாது என்பதுதான் டீச்சரின் முகத்தில் எழுதியிருந்தது. இப்படிச் சத்தியம் செய்தவர்கள் எத்தனை பேரைப் பார்த்துவிட்டார்!

டெல்பின் டீச்சர் மயிலாப்பூரில், சாந்தோம் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறார். அம்மா டீச்சர், பெரியம்மா டீச்சர், தாத்தா மேத்யூ சாந்தோம் மாதா கோயில் வளாகப் பள்ளியில் நாற்காலி தேய்த்த வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்தக் குடும்பம் வரிசையாக உட்கார்ந்தால் ஆசிரியர் கூட்டம் நடப்பதுபோல் இருக்கும். டீச்சர் வேலையை டெல்பின் அளவுக்குத் திட்டுகிறவர் சென்னையில் கிடையாது. வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறுவது, யார் முட்டை சாப்பிட்டார்கள் என்பதைக்கூட செல்போனில் ஏற்றுவது, ஏற்றும்போது பார்த்துத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பது. “பாடம் நடத்தறது ஒண்ணுதான் இந்த வேலையில இல்லாத வேலை” என்பார். சொல்லிவிட்டு, மணி அடிப்பதற்கு முன்பே வகுப்புக்குப் போய் நிற்பார்.

அவருக்குச் சொந்தமானது வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். ஊருக்குள் வேலை செய்கிற ஒருவரை வாரம்தோறும் வகுப்புக்குக் கூட்டி வந்து பேச வைப்பார். அவரே ஆரம்பித்தது, அவரே மாரடிப்பது. தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் பிள்ளைகளிடம் “உங்க வீட்டுல என்ன வேலை பண்றாங்க?” என்று கேட்டார். “பிசினஸ் மிஸ்” என்றது முதல் பெஞ்சு. இரண்டாம் பெஞ்சும் பிசினஸ். கடைசி பெஞ்சு வரைக்கும் பிசினஸ். ஆட்டோ ஓட்டுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர், பாத்திரம் தேய்க்கிறவர் என்று ஒவ்வொரு பெற்றோரையும் டீச்சருக்குத் தெரியும். கெங்கம்மாவின் மகள் மேகலாவும் தலையைக் குனிந்துகொண்டு பிசினஸ் என்றாள். அன்று ராத்திரி டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து, வேலை தெரிந்த யாரையும் அவர் சும்மா விடுவதில்லை. குழாய் பழுதுபார்க்க வந்தவர் ஸ்பேனரை எடுக்கும் முன்பே “வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா?” என்று கேட்பார். இவர் தெருமுனையில் திரும்பினாலே ஸ்டாண்டில் இருக்கும் ஆட்டோக்கள் சவாரி இல்லாமலே கிளம்பிப் போய்விடுகின்றன.

ஆனால் வருகிறவர்கள் இருக்கிறார்களே, அடடா! ஆதம்பாக்கத்து ஏசி மெக்கானிக் பாரத், சித்திரை வெயிலில், இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “டூல் பை எங்கப்பா?” என்று டீச்சர் கேட்டதற்கு, “ஸ்கூலுக்கு அழுக்குப் பையைத் தூக்கிக்கினு வர்றதா மேடம்? மரியாதையா இருக்காதே” என்றார். தி.நகரில் ரவிக்கை தைக்கும் சஃப்வான் பாய், அளவு நாடா இல்லாமல், கத்தரி இல்லாமல், அத்தர் மணக்க வந்தார். ஜாக்கெட் கையை எப்படி வெட்டுவது என்று காற்றில் விரலால் வரைந்து காட்டினார். பிள்ளைகள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பேச்சை முடிக்கும்போது ஒவ்வொருவரும் தவறாமல் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் வந்து சேருவார்கள். “என்னை மாதிரி மொட்டை மாடியில காயாதீங்கப்பா, நல்லா படிச்சுப் பெரிய ஆளா வாங்க” என்றார் பாரத். “கண்ணு போயிடும் பேட்டா, இந்தத் தொழில் வேணாம், நல்லா படிச்சுப் பெரிய ஆளா வாங்க” என்றார் சஃப்வான் பாய். பிள்ளைகள் கைதட்டுவார்கள். சுவரோரம் நிற்கும் டீச்சரின் கையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். அந்த வாக்கியம் வந்ததும் அது டக்கென்று இரண்டாக முறியும். நாளடைவில் பிள்ளைகள் பேச்சைவிட அந்த ‘டக்’குக்குத்தான் காத்திருந்தார்கள்.

“இதுக்குத்தானா கூட்டிட்டு வரேன்? இந்த வேலைக்கு வாங்கடான்னு சொல்லக் கூட்டிட்டு வந்தா, வராதேன்னு சொல்லிட்டு டீயும் குடிச்சிட்டுப் போறாங்க!” என்று ஆசிரியர் அறையில் பொரிந்து தள்ளுவார்.

கணக்கு வாத்தியார் ராஜகோபாலன் நல்லவர்தான். ஆனால் அவருக்கு அந்தப் பீரியட் மேல் ஒரு கண். “அந்த நேரம் வீணாத்தானே போயிண்டிருக்கு மேடம்? என்கிட்ட குடுத்தேள்னா வடிவியலையாவது முடிச்சுடுவேன்” என்பார். தலைமையாசிரியை ஐவியும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். “டெல்பின், இதான் கடைசி. இந்த வாரமும் அதையேதான் சொல்லப் போறாங்கன்னா, அதைச் சொல்ல வெளியாள் எதுக்கு? நானே அசெம்பிளியில சொல்லிடறேன். நான் வந்து பின்னாடி உக்காருவேன். அந்த வார்த்தை வந்துச்சு, பீரியட் ராஜகோபாலன் சாருக்கு.”

அதனால்தான் லூப் ரோடில் அந்த மன்றாட்டு.

வெள்ளிக்கிழமை கெங்கம்மா வந்தார். மாம்பழ நிறத்தில் கல்யாணப் பட்டு, தலை கொள்ளாத மல்லிகை, முகம் நிறைய பவுடர். கையை வீசிக்கொண்டு வந்தார்.

“மீனு எங்க?”

“இன்னா டீச்சர் பேசற? பள்ளிக்கூடத்துல போய் கவுச்சி எட்த்துகினு வருவாங்களா? எம் பொண்ணு படிக்கிற எடம்!”

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். ஐவி பின்பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று. வாசலில் ராஜகோபாலன், கரும்பலகையில் வரையும் பெரிய காம்பஸைக் கையில் பிடித்தபடி, எதேச்சையாக வந்தவர்போல் நின்றார். மேகலா பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடுவாள்போல் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

டீச்சருக்கு ஆத்திரம் பொங்கியது. விறுவிறுவென்று போய் மேசைமேல் இருந்த டஸ்டரை எடுத்து கெங்கம்மாவிடம் நீட்டினார். “இந்தாங்க, இதான் மீனு. நான் வாங்க வந்திருக்கேன். இது நேத்து மீனு மாதிரி இருக்கே?”

அவ்வளவுதான். பட்டுப்புடவையும் பவுடரும் எங்கே போயினவோ!

“இன்னாது? நேத்து மீனா? கண்ணு இன்னா பொடனிலயா கீது? செவுளைத் தொறந்து பாரும்மா, ரத்தமாட்டம் செவப்பா கீது! அமுக்கிப் பாரு, விரல் பட்ட எடம் குழி வுழுவுதா? வுழாது. வாங்கறதுன்னா வாங்கு, இல்ல நவுரு. காத்த மறைக்காத!”

வகுப்பு குலுங்கியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து பேரம் பேசினார்கள். ஒருத்தி ஜாமெட்ரி பெட்டியை நண்டாக்கினாள். கெங்கம்மா ஸ்கேலால் அதைச் சுத்தம் செய்தும் காட்டினார். “கடல் உள்வாங்கினா ஒரு மாதிரி, கொந்தளிச்சா ஒரு மாதிரி. அன்னிக்கு இன்னா வருமோ அத்தத்தான் விக்கணும்” என்றபோது ஐவியே முன்னால் சாய்ந்து கேட்டார். மேகலா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் அவள்தான் கையைத் தூக்கி எழுந்து நின்றாள். “அம்மா, நானும் பெரிசானா உன்கூட மீன் விக்க வரட்டா?”

கெங்கம்மாவின் வாய் திறந்தது. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, எல்லாருக்கும் தெரிந்தது. அவர் கண் டீச்சரின் கையில் இருந்த சாக்பீஸுக்குப் போனது. கஷ்டப்பட்டு விழுங்கினார். “அது... வரலாம். இன்னா இப்ப? வா. உனுக்குப் பிடிச்சா வா” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பவுடர் மொத்தமும் புடவையோடு வந்துவிட்டது.

டீச்சருக்கு வந்த பெருமூச்சில் மேசைமேல் இருந்த காகிதம் பறந்திருக்கும். பீரியட் பிழைத்தது! பின்பெஞ்சைப் பார்த்தார். ஐவி சிரித்துக்கொண்டிருந்தார்.

மேகலா இன்னும் உட்காரவில்லை. “இல்லன்னா மிஸ், உங்களை மாதிரி டீச்சர் வேலைக்கு வரட்டா?”

“ஐயோ கடவுளே, அது மட்டும் வேணாம்டி கண்ணு! என்னை மாதிரி வந்து மாட்டிக்காத. நீ நல்லா படிச்சுப் பெரிய ஆளா—”

வாயிலிருந்து போயேவிட்டது. வாசலில் ராஜகோபாலன் காம்பஸைத் தூக்கிக்கொண்டு ஓரடி உள்ளே வைத்தார்.

“நான் சொல்லலப்பா! டீச்சரே சொல்லிக்கிச்சு!” என்று கெங்கம்மா டஸ்டரை மேசையில் தட்டிச் சிரித்தார். “என் வாயை மட்டும் ஊசி நூல் போட்டுத் தெச்சியே, தாயீ!”

ஐவி சிரிப்பை அடக்க முடியாமல், வாசல் பக்கம் கையைக் காட்டி ராஜகோபாலனை நிறுத்தினார். “இருங்க சார். மணி இன்னும் அடிக்கல.”

டெல்பின் டீச்சர் காது மடல்வரை சிவந்து நின்றார். பிள்ளைகள் எல்லாருடைய கண்ணும் அவர் கையிலேயே இருந்தது. அவர் அந்தச் சாக்பீஸை இரண்டு கையாலும் பிடித்து, டக்கென்று முறித்தார். பெரிய துண்டை மேகலாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி, அவளைக் கரும்பலகைப் பக்கம் அனுப்பினார். பிறகு புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் எழுந்து காலியாக இருந்த இடத்தில், முதல் பெஞ்சில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.