அவள் சொன்னது சொன்னபடி

கல்லூரி அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் சுருக்கெழுத்து. தட்டச்சுப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள். சுருக்கெழுத்துக் கலையை யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. அட்டை கிழிந்த பாடப்புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிப்பவரின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்கும்வரை தானே எழுதி எழுதிப் பழகினார். அலுவலகத்தில் அவர் பேச்சும் அளவுதான். "அங்கதான் சுருக்கெழுத்து, வீட்டுக்கு வந்தா விரிவுரை" என்பார் பஸ் ஓட்டும் அவர் கணவர்.

பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் குழுவுக்கு வாக்குமூலம் அடித்துத் தருவதும் அவர் பொறுப்பு. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாணவி பேசுவாள். குழுத் தலைவியான வேதியியல் பேராசிரியை கேட்டுக்கொண்டு, அதைத் தன் வாக்கியத்தில் சொல்வார். அடிப்பது அந்த வாக்கியத்தைத்தான். யாருக்கும் அது தவறாகப் படவில்லை. அலுவலகக் கடிதங்கள் எல்லாமே அப்படித்தானே உருவாகின்றன.

சென்ற ஆண்டு ஒரு புகார் தள்ளுபடியானது. கோப்பைப் பீரோவில் வைக்கப்போனவர் முடிவுரையைப் படித்தார். "மாணவி குறிப்பிட்ட செயல் எதையும் கூறவில்லை" என்றிருந்தது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாள், இடம், அந்த ஆள் செய்த காரியம் என்று அவள் ஒன்றுவிடாமல் சொன்னதைக் காதால் கேட்டவர் அவர். அடித்துக் கொடுத்ததோ, "கண்ணியக் குறைவாக நடந்துகொண்டார்" என்ற ஒற்றை வரி. அந்தப் பெண் படிப்பைப் பாதியில் விட்டுப் போய்விட்டாள். வாக்கியம் தலைவியுடையது என்றாலும் விரல்கள் தன்னுடையவை. மனசு ஆறவில்லை. யாரும் பிரிக்காமல் கிடந்த விசாரணை விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, சாப்பாட்டு இடைவேளைகளில் வரிவரியாகப் படித்து முடித்தார்.

இந்த ஆண்டு வந்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி. நூலகத்தை ஒட்டிய சிறிய அறையில் தலைவியும் இரண்டு உறுப்பினர்களும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"லேப் ரெக்கார்டுல கையெழுத்து வாங்கப் போனேன் மேடம். சார் கதவைச் சாத்தினாரு. நோட்டைக் குடுக்காம என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. 'உன் மார்க் என் கையிலதான இருக்கு'ன்னாரு. இழுத்தேன். இடுப்புல கை வெச்சாரு. நோட்டைப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

தலைவி சுருக்கெழுத்தின் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. ஆய்வகத்தில் ஆசிரியர் தன்னிடம் முறையற்று நடந்துகொண்டதாக மாணவி தெரிவித்தார்."

விசைப்பலகையில் சத்தமே வரவில்லை.

"என்னம்மா, மிஷின் நின்னுபோச்சா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். அந்தப் பொண்ணு இதைச் சொல்லலியே."

ஆண் உறுப்பினர் சிரித்தார். "இருபது வருஷமா பேசாதவங்க இன்னைக்குப் பேசறாங்க!"

"இருபத்திரண்டு சார்."

தலைவியின் முகம் சிவந்தது. அவர் கெட்டவர் இல்லை. "நாளைக்கு இந்தப் பேப்பர் பத்துப் பேர் கைக்குப் போகும். இடுப்பு, கைன்னு எழுதி வெச்சா இந்தப் பொண்ணுக்குத்தான அசிங்கம்? அவளுக்காகத்தான் சொல்றேன்."

"போன வருஷமும் அப்படித்தான் எழுதினோம் மேடம். அவ எதையுமே குறிப்பிட்டுச் சொல்லலைன்னு முடிவு எழுதியாச்சு. வாக்குமூலம் அவங்கவங்க வார்த்தையில இருக்கணும், படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கணும்னு விதியிலயே இருக்கு." புத்தகத்தை அந்தப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

தலைவி படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாணவியிடமே கேட்டார். "நீ என்னம்மா சொல்ற?"

"நான் சொன்னதையே போடுங்க மேடம். அசிங்கம் அவருக்குத்தான்."

அவள் பேசப் பேசவே சுருக்கெழுத்து குறிப்பேட்டில் குறித்து வைத்திருந்தார்; அதை அவளுக்கே வாசித்துக் காட்டினார். ஏற்ற இறக்கம் இல்லாமல், செய்தி வாசிப்பதுபோல. "நேரம் சொல்லலியே?" என்று நிறுத்தினார்.

மாணவி யோசித்தாள். "மூணே முக்கால். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் லேப் அண்ணன் சாவியோட வெளிய போனாரு. சார்தான் ஸ்டோருக்கு அனுப்பினாரு."

அதுவும் ஏறியது. கேட்கக் கேட்க அவள் சொன்ன மற்ற விவரங்களும் ஏறின. மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டாள்.

மறுவாரம் அந்த ஆசிரியர் வந்தபோது, வழக்கமான "புரிதல் பிழை" என்ற பதிலோடுதான் வந்தார். மூன்று பக்கத்துக்கு அது போதவில்லை. கதவு சாத்தியிருந்ததா என்று கேட்டார்கள். திறந்தே இருந்தது, ஆய்வக உதவியாளரும் உள்ளேதான் இருந்தார் என்றார். உதவியாளரைக் கூப்பிட்டார்கள். அவர் தன் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார்: மூன்று நாற்பதுக்கு ஸ்டோரில் அமிலக் குப்பிகள் வாங்கிய கையெழுத்து. "போன்னு சொன்னதே சார்தான். திரும்பி வந்தப்ப கதவு உள்ள தாழ் போட்டிருந்துச்சு" என்றார். ஆசிரியர் அதன்பிறகு தண்ணீர் கேட்டார்.

அறிக்கை முதல்வரின் மேசைக்குப் போனது. அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துத் தலைவியைக் கூப்பிட்டு அனுப்பினார். பிரதிகளுடன் சுருக்கெழுத்தும் பின்னால் நின்றார்.

"இவ்வளவு பச்சையாவா மேடம்? கொஞ்சம் சுருக்கிக் குடுங்களேன்."

"என் பகுதியைச் சுருக்கலாம் சார்" என்றார் தலைவி. "அந்த மூணு பக்கம் அவளோடது. அதுல கை வைக்க எனக்கு உரிமை இல்லை."

முதல்வர் பேனாவைத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். ஆனால் திறந்தார். அந்த ஆசிரியரின் பணிநீக்க ஆணையை அன்று மாலையே சுருக்கெழுத்து ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து முடித்தார்.