தையல் மெஷினுக்குப் போட்ட ஜகாத்

காரா-சூ சந்தையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புக் கன்டெய்னர்கள்தான் கடைகள். துணி வரிசை முடிந்து பொத்தான், நூல் வரிசை தொடங்கும் மூலையில், கீழ்த்தட்டுக் கன்டெய்னர் ஒன்றில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார் ஓரோஸ்பாய். கதவில் அவர் கையாலேயே எழுதிய பலகை: 'கணக்கு. வரி. ஜகாத்.'

"அவர்கிட்ட போனா ரெண்டு ஆபீஸ் வேலையும் ஒரே நடையில முடியும்" என்பார்கள் கடைக்காரர்கள். "ஒரு ஆபீஸ்ல லஞ்சம் எடுபடும். இன்னொண்ணுல எடுபடாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

இந்தப் பேச்சு ஓரோஸ்பாய்க்குப் பிடிக்கும். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

பருத்தி ஆலையில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனவர் அவர். தலைமைக் கணக்கரின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மணிச்சட்டத்தைத் தள்ளித் தள்ளி, கணக்கைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டார். கல்லூரிப் பக்கம் போனதில்லை. ஆலை மூடிய குளிர்காலத்தில்தான் தொழ ஆரம்பித்தார். அதையும் சின்னச் சின்னப் புத்தகங்களைப் படித்துத் தானாகவே கற்றார். யாரிடமும் எதையும் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

வருகிற கடைக்காரர்களிடம் அவர் முதலில் வாங்கச் சொல்வது இரண்டு தகர டப்பா. ஒன்று கடைக்கு, ஒன்று வீட்டுக்கு. கடை டப்பாவிலிருந்து கல்யாணத்துக்கு மொய் எழுதினவர்களைப் பிள்ளைகளைத் திட்டுவதுபோலத் திட்டுவார். வரி ஆபீஸுக்குப் பொய்க் கணக்கு எழுத மாட்டார். எழுதச் சொன்னவர்களுக்காக மெய்க் கணக்கோடு போய், அவர்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்பார். நஷ்டத்தில் இருக்கிற கடைக்குக் கூலி கிடையாது. ரமலான் மாதத்தில் ஜகாத்துக்கு, வசதியுள்ளவர்கள் கொடுத்தே ஆக வேண்டிய அந்தத் தானத்துக்கு, கணக்குப் போட யாரிடமும் கூலி கிடையாது. உள்ளதையெல்லாம் வரிசையாக எழுதி, கூட்டி, கடனைக் கழித்து, நாற்பதால் வகுத்து, அடியில் கோடு போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பார். இருபத்துமூன்று கடைக்காரர்கள் அந்தச் சீட்டை நம்பித் தானம் கொடுத்தார்கள்.

இந்த வருடம் ரமலான் இருபத்துமூன்றாம் நாள் மதியத் தொழுகை முடிந்து, ஒரு காலணியை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் ரொட்டிக்காரர் ஒருவர் இமாமைக் கேட்பது அவர் காதில் விழுந்தது.

"இமாம், என் தந்தூர் அடுப்பையும் சேர்த்து எண்ணணுமா?"

இலியாஸ் இமாம் சிரித்தார். ஓரோஸ்பாயைவிட இருபது வயது இளையவர். "அடுப்பையா விக்கிறீங்க? ரொட்டியத்தானே விக்கிறீங்க. மாவை எண்ணுங்க, கல்லாவுல இருக்கிற காசை எண்ணுங்க. அடுப்பு உங்க கை மாதிரி. கைக்கு யாராவது ஜகாத் குடுப்பாங்களா?"

ஓரோஸ்பாய் ஒற்றைக் காலணியோடு நின்றார். எல்லோரும் போகும்வரை இன்னொரு காலணியைத் தேடுவதுபோலக் குனிந்தே இருந்தார். பிறகு கேட்டார்.

"தையல் மெஷின்?"

"மெஷின் விக்கிற கடைன்னா சேர்க்கணும். அதுல தைக்கிற கடைன்னா சேர்க்க வேண்டாம். உங்களுக்குத் தெரியாததாண்ணே?"

"தெரியும், தெரியும். சந்தையில ஒருத்தர் சேர்த்து எழுதறாராம். அதான் கேட்டேன்."

"யாரு அது? நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடுங்கண்ணே. நீங்க சொன்னா கேட்பாங்க."

"சொல்லிடறேன்" என்றார் ஓரோஸ்பாய்.

நோன்பு வாயால், பள்ளிவாசல் படியில் நின்று சொன்ன பொய். கன்டெய்னருக்கு வந்து கதவை உள்ளே தாழிட்டார். பேரேடுகளை எடுத்து விரித்தார்.

ஆலையில் முப்பது வருடம் எழுதிய கணக்கில் முதல் வரி எப்போதும் கட்டடமும் இயந்திரமும்தான். அந்த வரி இல்லாமல் சொத்துக் கணக்கு ஒன்றை அவர் கண்டதே இல்லை. ஜகாத்தைப் பற்றிய புத்தகத்தில் 'செல்வம்' என்று படித்தபோது, அந்த முதல் வரி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. 'விற்பனைக்கு வைத்திருக்கும் பொருள்' என்றும் அதே புத்தகத்தில் எழுதியிருந்தது. அன்றைக்கே அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். போய்க் கேட்கவில்லை. தன் பிள்ளை வயதில் இருக்கிற இமாமிடம் போய், எனக்கு இது தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு கேள்விக்குறி. பதினைந்து வருடம்.

எல்லா ஏடுகளையும் பார்த்தார். செருப்புத் தைப்பவர், போட்டோ எடுப்பவர், பூட்டுக்காரர் எல்லோருக்கும் ஜகாத் கொஞ்சம் கொஞ்சம் கூடியிருந்தது. அனார்கானின் ஏட்டில்தான் அவர் விரல் நின்றது.

அனார்கானின் புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டவன். அவள் மேல்தட்டுக் கன்டெய்னர் இரண்டை வாடகைக்குப் பிடித்துப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். அவளுடைய சொத்தில் முக்கால்வாசி மெஷின்கள். அவற்றை எடுத்துவிட்டால் மீதி, ஜகாத் கடமையாகும் அளவைத் தொடவே இல்லை. எந்த வருடமும் தொடவில்லை. ஒன்பது வருடமாக, கொடுக்க வேண்டியதே இல்லாத ஒன்றை அவர் முத்திரையை நம்பிக் கொடுத்திருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் கையில் காசில்லாமல் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினை விற்றுக் கொடுத்தாள். அந்த மெஷினில் உட்கார்ந்திருந்த சைராகுல் வேலையைவிட்டுப் போனாள். இந்த வருடம் அவர் எழுதிக் கொடுத்தது இருபத்துநாலாயிரம் சோம். அதற்காகக் காஜா மெஷினை விற்கிறாள். உஸ்கென் ஊரிலிருந்து வாங்க ஆள் வருகிறான். இன்றைக்கு, பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால்.

காஜா மெஷின் போனால் பொத்தான் துளை போட முடியாது. பொத்தான் துளை இல்லாமல் என்ன சீருடை?

மணி இரண்டரை ஆகியிருந்தது. ஒன்பது வருடத் தொகைகளையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினார். ஒரு லட்சத்து எழுபத்தோராயிரத்து ஐந்நூறு. இரண்டாம் முறையும் கூட்டினார். எண் மாறவில்லை.

இரும்புப் படியில் ஏறும்போதே, சொல்ல வேண்டியதை மனசு வேறு மாதிரி மாற்றி வைத்துவிட்டது. தங்கம் விலை ஏறிவிட்டது, அதனால் ஜகாத்துக்கான அளவும் ஏறிவிட்டது, இந்த வருடம் உனக்குக் கடமை இல்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மெஷின் தப்பிக்கும். பெயரும் தப்பிக்கும்.

"வரி ஆபீஸ் ஆளு வர்றாரு, ஊசிய ஒளிச்சு வைங்கடி!" என்று வாசலோரம் தைத்துக்கொண்டிருந்தவள் கத்தினாள். நாலு மெஷின்களும் சிரிப்போடு ஓடிக்கொண்டிருந்தன.

"வாங்கண்ணே" என்றாள் அனார்கான். காஜா மெஷினை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "பாருங்க, பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரி அலங்காரம் பண்ணிட்டிருக்கேன்."

"அனார்கான், விக்க வேண்டாம். தங்கம் விலை ஏறிடுச்சு. அளவும் கூடிடுச்சு. உனக்கு இந்த வருஷம் கடமை வரலை."

அவள் கை நின்றது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தார். அவள் முகம் வாடிப்போனது.

"அப்ப இந்த வருஷம் நான் குடுக்கிறவ இல்லையா?"

"இல்லை. அவ்வளவுதான். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அவர் விட்டுட்டுப் போனப்ப மாமியார் என்ன சொன்னாங்க தெரியுமாண்ணே? 'நோன்பு வந்தா எங்க வாசல்ல வந்து நில்லு, ஏதாவது போடுறோம்'னாங்க. வருஷத்துல இந்த ஒரு நாள்தான் நான் நிமிர்ந்து நடக்கிறது." துணியை மடித்து வைத்தாள். "ஏழு வீட்டுக்குச் சொல்லிட்டேன். கடமை இல்லைன்னா இல்லாம போகட்டும், நான் ஆசையா குடுக்கிறேன். மெஷின் போனா போகட்டும்."

பொய் அவளைக் காப்பாற்றவில்லை. ஓரோஸ்பாயைத்தான் காப்பாற்றப் பார்த்தது.

"தங்கம் விலை இல்லை" என்றார். "நான்தான் தப்பு. மெஷினைக் கணக்குல சேர்க்கவே கூடாது. தைக்கிற மெஷினுக்கு ஜகாத் கிடையாது. எனக்குத் தெரியலை. தெரியலைன்னு யார்கிட்டயும் கேட்கவும் இல்லை."

ஒவ்வொரு மெஷினாக நின்றது. கீழே வண்டிக்காரன் யாரையோ விலகச் சொல்லும் சத்தம் கேட்டது.

"எத்தனை வருஷமா?"

"ஒன்பது." தாளை நீட்டினார். "இதைத் தவணையில நான்..."

அவள் தாளை வாங்கவில்லை. "அது போன இடம் நல்ல இடம். அந்த வீட்டுப் பிள்ளைங்க சாப்பிட்டது. அல்லாவும் நானும் பேசிக்கிறோம், நடுவுல உங்க கூட்டல் வேண்டாம்." குரல் அதுவரை தணிந்திருந்தது. பிறகு உடைந்தது. "சைராகுலை என்ன செய்வீங்க? அவகிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? இது அல்லாவுக்குக் குடுக்க வேண்டியது, அதனால மெஷினை விக்கிறேன், வேற வழியில்லைன்னேன். ஒரு வார்த்தை பேசாம பையை எடுத்துட்டுப் போனா. அல்லா பேரைச் சொன்னதுக்கு அப்புறம் அவ என்ன பேசுவா?"

அந்த நேரம் பார்த்து, தோளில் கயிற்றுச் சுருளோடு ஒரு ஆள் வாசலில் வந்து நின்றான். "உஸ்கென்ல இருந்து வர்றேங்க. மெஷின் எது?"

"விக்கலை."

"பேசினது பேசினதுதானே அக்கா?"

"கணக்கு மாறிடுச்சு. வண்டி வாடகைய இதோ இவர்கிட்ட வாங்கிக்கோங்க. கணக்கர்."

ஓரோஸ்பாய் எண்ணூறு சோம் எண்ணிக் கொடுத்தார். அந்த ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

"அந்த ஏழு வீட்டுக்கு நான் குடுத்துடறேன்" என்றார் ஓரோஸ்பாய். அடுத்த குளிருக்கு நிலக்கரி வாங்க வைத்திருந்த பணம் வீட்டு டப்பாவில் இருந்தது.

"குடுங்க. ஆனா என் பேரைச் சொல்லிக் குடுக்காதீங்க. ஏன்னு கேட்டா காரணத்தையும் சொல்லுங்க." அவள் திரும்பிக் காஜா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "முதல்ல அவகிட்ட போங்க. பஸ் ஸ்டாண்ட்ல விதை விக்கிறா."

சைராகுல் பஸ் ஸ்டாண்ட் சுவரோரம் ஒரு கவிழ்த்த பெட்டிமேல் சூரியகாந்தி விதைச் சாக்கும் கண்ணாடி டம்ளரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோன்பு மாதப் பகலில் வாங்க ஆளில்லை. ஓரோஸ்பாய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தங்கம் விலை என்று சொன்ன பொய்யையும் சொன்னார். இமாமிடம் 'ஒருத்தர்' என்று சொன்னதையும் சொன்னார்.

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார். அவள் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப என் தையல்ல குறை ஒண்ணும் இல்லையா?"

"என்ன?"

"அல்லா பேரைச் சொன்னது சாக்குன்னு நினைச்சேன். என் தையல் சரியில்லை, மூஞ்சிக்கு நேரா சொல்ல அக்காவுக்கு மனசு வரலைன்னு. நாலு பேர்கிட்ட வேலை கேட்டேன். அனார்கானே உன்னை அனுப்பிட்டாளா, அப்ப ஏதோ இருக்குன்னு சொன்னாங்க. மூணு வருஷமா என் கையைப் பார்த்துட்டே இருக்கேன்ணே."

இது எந்த ஏட்டிலும் இல்லை. இருபத்துமூன்று பேருடைய கணக்கைக் கூட்டியபோது, இப்படி ஒரு வரி இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அந்த வருஷம் உன் பேர்ல ரெண்டாயிரத்து அறுநூத்துச் சொச்சம் உருப்படி இருக்கு" என்றார். கூலிக் கணக்கும் அவர் எழுதியதுதானே. "திரும்பி வந்தது நாலு. மத்த எல்லாரையும்விடக் கம்மி."

"நாலா?"

"நாலேதான்."

"அதை எழுதிக் குடுங்க."

பையிலிருந்து வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து, பெட்டியின் ஓரத்தில் வைத்து, நாள் போட்டு எழுதினார். உருப்படிகளின் எண்ணிக்கை, திரும்பி வந்தவை, வேலை நிறுத்தப்பட்ட மாதம். கையெழுத்துப் போடப் போனார்.

"இருங்க" என்றாள் சைராகுல். "ஏன் நிறுத்தினாங்கன்னு இன்னொரு வரி. யாரோ ஒருத்தர்னு எழுதாதீங்க."

அவர் பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. இந்தத் தாள் தையல் வரிசை முழுக்கக் கை மாறும். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். இமாமிடமும் போய்ச் சேரும். சேருவதற்குள் அவரே அங்கே போய்விட வேண்டும். மீதி இருபத்திரண்டு பேரிடமும்தான்.

'கணக்கர் ஓரோஸ்பாய் ஜகாத்தைத் தவறாகக் கணக்கிட்டதால்' என்று எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தார். முத்திரையை எடுத்து வாயால் ஊதி, தன் பெயரின்மேல் விழாமல், யாரும் படிக்கும்படியாகக் கொஞ்சம் தள்ளி அழுத்திக் குத்தினார்.