தட்டு கழுவிய தண்ணீர்

போன தேர்தலுக்கு எனக்குக் கிடைத்த வாக்குச்சாவடி, நான் முதன்முதலில் வேலை பார்த்த பள்ளிக்கூடம். மத்தியானம் சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவினேன். தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே ஏந்திக்கொண்டு, கால் தன்னால் வேப்பமரத்துப் பக்கம் நடந்துவிட்டது. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர், “மேடம், கொழாயாண்டயே ஊத்தலாமே” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு எங்கே தெரியும்? உங்களுக்குச் சொல்கிறேன்.

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் அது. நானோ செஞ்சி கடைத்தெருவில் வளர்ந்தவள். கத்தரிக்காய் தராசில் காய்க்கிறது என்கிற அளவுக்குத்தான் என் விவசாய அறிவு. அங்கே பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டுத் தட்டு கழுவும் இடம் வருஷம் முழுக்கச் சேறு. தலைமையாசிரியர் திடல் முழுக்கச் சிமெண்ட் பூசிவிட முடிவு செய்தார். பிள்ளைகளுக்கு இருந்தது அந்த ஒரு மண்தரைதான். தோட்டம் போடுகிறோம் சார் என்று கெஞ்சினேன்.

“அரையாண்டு பரிட்சைக்குள்ள ஒரு நாள் கொழம்பு உங்க தோட்டத்துலேர்ந்து வரட்டும். வரலன்னா சிமெண்ட்டுதான்” என்றார்.

ராத்திரியோடு ராத்திரியாகச் சார்ட்டில் படம் போட்டேன். தாமரை வடிவப் பாத்தி, நடுவில் ரோஜா, கலர் பென்சில் வேறு. ஏழாம் வகுப்பில் விரித்துக் காட்டியதும் கௌசல்யா எழுந்தாள். “மிஸ், இதுல தட்டு கழுவுற தண்ணி எங்க போவுது?”

சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடியை அவர்கள் கையில் கொடுத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது. அரை மணி நேரத்தில் திடலெல்லாம் வெள்ளைக் கோடு. குழாயில் ஆரம்பித்து வளைந்து வளைந்து போகிற பாதை, இரண்டு பக்கமும் பாத்தி. கழுவிய தண்ணீரைத் தட்டோடு ஏந்திக்கொண்டு வரிசை அந்த வழியாகத்தான் போகவேண்டும். அவரவர் செடிக்கு அவரவர் தண்ணீர். ஒன்றாம் வகுப்புக்குக் குழாய்க்குப் பக்கத்துப் பாத்தி, அதுகள் வழியெல்லாம் சிந்திவிடும் என்று. பாதை போய் முடிகிற வேப்பமரத்தடியில் மட்டும் செடி வேண்டாம், உட்காரக் கல் போதும் என்று பெண்பிள்ளைகள் சண்டை போட்டு ஜெயித்தார்கள். எனக்கு யாரும் இதையெல்லாம் பி.எட்.டில் சொல்லித்தரவில்லை.

கத்தரியும் வெண்டையும் காய்த்தன. ஆனால் எண்பது தட்டுக்குக் காணாது. குழம்புக்கு நாள் குறித்த திங்கட்கிழமை, தோட்டமாவது பளிச்சென்று இருக்கட்டுமே என்று சீக்கிரமே போய், செடிகளுக்கு நடுவில் மண்டிக் கிடந்த களையை ஒன்று விடாமல் பிடுங்கிக் குவித்தேன். பெருமையாக நிமிர்ந்தபோது கௌசல்யா நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னா மிஸ் பண்ட்டீங்க? அது பண்ணக்கீர. இன்னிக்கு கொழம்புக்குன்னுதான் வுட்டு வெச்சிருந்தோம்.”

மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை போட்ட நிலத்தில், தானாக முளைக்கிற கீரையாம். காய் போதாது என்று எனக்கு முன்பே கணக்குப் போட்டு வளர்த்திருக்கிறார்கள். அழுகையே வந்துவிட்டது. சமையல் செய்யும் அம்புஜம் அக்கா எட்டிப் பார்த்தார். “நாங்க புடுங்க வேண்டியத நீ புடுங்கிட்ட டீச்சர், அவ்ளோதான். வேர கிள்ளி அலசிக் குடுங்க.”

பிரேயர் மணிக்குள் அத்தனை கீரையும் ஆய்ந்தாகிவிட்டது. மத்தியானம் தலைமையாசிரியரும் பந்தியில் உட்கார்ந்தார். ஒரு வாய், இரண்டு வாய். “இன்னா கீர இது?”

“மிஸ் புடுங்குன களை சார்” என்றது ஒரு குரல். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தட்டை நீட்டினார். “இன்னும் கொஞ்சம் வையி.”

சாப்பிட்டு எழுந்தவர் தட்டைக் கழுவி, தண்ணீரோடு அந்தப் பாதையில் நடந்து வந்து ஒரு வெண்டைச் செடிக்கு ஊற்றினார். பிள்ளைகள் போட்ட கூச்சல் செஞ்சிக் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். சிமெண்ட் பேச்சு அத்தோடு நின்றது.

அவர் ஓய்வு பெற்றார், எனக்கும் மாற்றல் வந்தது. இப்போது திடல் முழுக்கச் சிமெண்ட் கல். பத்துக் குழாய், அடியில் சாக்கடைக்கு ஒரு பைப். சேறு இல்லை, வரிசையும் இல்லை. வேப்பமரத்தைச் சுற்றிக்கூடக் கல் பதித்திருக்கிறார்கள். கல் இடுக்கில் எங்கேயாவது மண் தெரிகிறதா என்று டிபன் பாக்ஸோடு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். பிறகு போலீஸ்காரர் சொன்ன இடத்திலேயே போய் ஊற்றினேன்.