சகலையும் ஆயில் கண்ணாடியும்

சந்தேகம்தான் என்னை ஸ்பேனர் பிடிக்க வைத்தது. டவுனில் சர்வீஸுக்கு விட்டால் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். நமக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சாயங்காலம் கழுவித் துடைத்து, பளபளவென்று கையில் கொடுப்பார்கள். ஆயிலை நிஜமாகவே மாற்றினார்களா, மாற்றியதாகச் சொன்னார்களா, யார் கண்டது? உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ போடுகிற அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "நீ கூடத்தான் தெனம் டீ குடிக்கிற. பால்ல நான் இன்னா கலக்குறேன்னு உள்ள வந்தா பாக்குற?" என்று கேட்டது. அன்றிலிருந்து அந்த டீயின் மேலும் எனக்கு ஒரு சந்தேகம்.

வண்டி ஸ்போர்ட்ஸ் பைக். இன்னொருவர் ஓட்டி என்னிடம் வந்தது. வாலாஜாபாத் வழியாக ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்வர அதுதான் எனக்குக் கால். அதில் குனிந்துதான் உட்கார வேண்டும். "நீ போறதப் பாத்தா ரோட்டுல எதையோ தொலைச்சிட்டு தேடிக்கினு போற மாதிரியே கீதுப்பா" என்பார் தெருமுனை சலூன்காரர். ஜனங்கள் வாயிலிருந்து இப்படி ஒன்று விழுந்தால் போதும், எனக்கு அன்றைக்கு வேறு நாஷ்டா வேண்டாம்.

ஆயில் மாற்றுவதைப் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். என் வண்டிக்கென்று கிடைத்த நல்ல வீடியோ இந்தியில் இருந்தது. அந்த ஆள் நிறுத்தாமல் பேசினான். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, கை தெரிகிறதே! அவன் கை செய்ததை என் கை செய்தால் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் வேலையை ஆரம்பித்தேன். வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கி, அடியில் பழைய பேசினை வைத்து, கீழே இருக்கிற போல்ட்டைத் திருகினேன். ஆயில் கருகருவென்று, சட்டியில் தாளித்து மறந்த எண்ணெய் மாதிரி இறங்கியது. இந்த மாதிரி வண்டிக்கு நடு ஸ்டாண்டு கிடையாது. சைடு ஸ்டாண்டு மட்டும்தான், இடது பக்கம் சாய்ந்தே நிற்கும். வீடியோவில் ஒருவன் வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆகவே என் மனைவியும் பிடித்துக்கொண்டு நின்றாள். "கை வலிக்குது, சீக்கிரம் முடி. இதுக்கு அந்த ஷட்டருக்காரனே தேவல" என்றாள். ஃபில்டர் மாற்றி, போல்ட்டுக்குப் புது வாசர் போட்டு இறுக்கி, வாங்கி வந்த புது ஆயிலை முழுசாக ஊற்றினேன். இன்ஜினின் வலது பக்கம், அடியில், சட்டைப் பொத்தான் போல ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. உள்ளே ஆயில் எவ்வளவு என்று அதில் தெரியும். குனிந்து பார்த்தேன். ரெண்டு கோட்டுக்கும் நடுவில், தேன் நிறத்தில், ஜம்மென்று நின்றது.

அப்போதுதான் சகலை வந்தார். என் மனைவியின் அக்கா புருஷன். மாமனார் வீட்டின் நடுவில் ஒரு சுவர் எழுப்பி, அந்தப் பாதியில் அவர்களும் இந்தப் பாதியில் நாங்களும் இருக்கிறோம். சுவர்தான் ரெண்டாக்கியது. வாசல் ஒன்று, கேட் ஒன்று, தண்ணி மோட்டார் ஒன்று. சகலை சொந்த டிராக்டர் வைத்துத் தென்னேரி வரைக்கும் போய் உழுது கொடுப்பார். பேசினில் இருந்த பழைய ஆயிலைப் பார்த்ததும், "கொட்டிடாத சகல, கொட்டாய் கம்பத்துக்கு அடிச்சா கரையான் வராது" என்று தூக்கிக்கொண்டார். போனவர் திரும்பி வந்து, புது ஆயில் டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்ததை விரலில் தொட்டுத் தேய்த்து மோந்து பார்த்தார். "வாசனையே வேற கீதே. இது நம்ம டிராக்டருக்கு ஆவுமா?" என்றார். நானும் சிரித்துக்கொண்டே, "ராஜா சாப்பாடுண்ணா இது, டிராக்டருக்குச் செரிக்காது" என்றேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்முன் ஆசையாகக் குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். காலி. ஒரு சொட்டு தெரியவில்லை.

ஆயில் இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். தரையைத் தடவிப் பார்த்தேன், சிமெண்டு காய்ந்து கிடந்தது. போல்ட்டைத் தடவினேன், ஈரமில்லை. ஒழுகவில்லை, ஆனால் உள்ளே இல்லை. அப்படியென்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். வண்டியை அப்படியே விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போனேன்.

அதற்கு அடுத்த நாள் வண்டிக்கு அடியில் ஒரு அட்டை விரித்திருந்தது. நான் விரிக்கவில்லை. ஆயில் ஊற்றுகிற மூடியை நான் துணியால் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தேன். அதன் ஓரத்தில் இப்போது பிசுபிசுப்பு, அதில் பெருவிரல் ரேகை. அட்டை எதற்கு? எடுக்கிறபோது தரையில் சிந்திக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே, அதற்கு! எனக்கு எல்லாம் வரிசையாகப் புரிந்துபோனது. அன்று சாயங்காலம் சகலை டிராக்டரைக் கிளப்பினார். காது கொடுத்துக் கேட்டேன். என்றைக்கும் கரகரவென்று இருமுகிற டிராக்டர், சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் குழைந்து பேசியது போல இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கண்ணால பாத்தியா?"

"பாக்கணுமா? அந்த ஆயிலை மோந்து பாத்தாரே, மறந்துட்டியா?"

"மோந்து பாத்தா திருடனா? நீ கூடத்தான் பக்கத்து வூட்டுக் கொழம்ப மோந்து பாக்குற. தோ பாரு, எங்கக்கா புருசன் அது. நீ பாட்டுக்கு வாயத் தொறந்து ஒண்ணு கேட்டுட்டா, அப்புறம் அந்த கேட்ட நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா தொறக்க முடியாது. வேற வூடு பாத்துக்கினு போவ வேண்டியதுதான். சொல்லிட்டேன்."

அவள் சொன்னது நிஜம். அக்காவும் தங்கையும் கோலம் போடுவது முதல் மோட்டார் போடுவது வரை சேர்ந்தே செய்கிறவர்கள். ஒரு வார்த்தை அதைப் பிளந்துவிடும். அதனால் கேட்கவில்லை. ஆனால் மனசு சும்மா இருக்குமா? தினமும் காலையில் குந்திக் கண்ணாடியைப் பார்ப்பேன், காலியாகவே இருக்கும், பஸ்ஸுக்குப் போவேன். சகலை இருமினால் எதற்கு இருமுகிறார் என்று யோசித்தேன். சிரித்தால் அதைவிட அதிகமாக யோசித்தேன். அவர் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வந்தது. "இன்னிக்கி இன்னா விசேஷம்?" என்று மனைவியிடம் கேட்டேன். "பேஜாரு புடிச்ச ஆளு நீ" என்று தட்டை நகர்த்திவிட்டுப் போய்விட்டாள்.

கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே. ஒரு நாள் விடிந்ததும் பல் விளக்குகிற சாக்கில் ஜன்னல் ஓரம் நின்றேன். சகலை வந்தார். தெருவை ஒரு தரம் பார்த்தார். எங்கள் கதவை ஒரு தரம் பார்த்தார். வண்டியின் வலது பக்கம் குந்தினார். மூடியைத் திருகினார். கையில் ஒரு கேன்.

வாய் நிறைய நுரையோடு வெளியே ஓடினேன். துப்பிவிட்டு, "இன்னாண்ணா, காலாங்காத்தால என் வண்டியில வேல?" என்றேன். குரல் எனக்கே நல்லாயில்லை.

சகலை மூடியும் கையுமாக எழுந்தார். "அது... வந்து சகல, நீ தப்பா எடுத்துக்காத."

"எதத் தப்பா எடுத்துக்கக் கூடாது?"

சத்தம் கேட்டு ரெண்டு கதவும் திறந்தது. அக்கா ஒரு வாசலில், தங்கை ஒரு வாசலில். என் மனைவி என்னையே பார்த்தாள். திருட்டு என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் சகலையே ஆரம்பித்தார்.

"நீ தெனம் காத்தால குந்திக் குந்திப் பாக்குற, தலையில கைய வெச்சிக்கிற, பஸ்ஸுல போற. நானும் பாத்தேன், கண்ணாடி காலியா கீது. மொத மொத தானே செஞ்ச வேல, ஒயுகுதுன்னு சொன்னா மனசு ஒடிஞ்சிடுவியேன்னு என் கேன்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கினு வந்தேன். அடியில அட்டை கூட போட்டேன், சொட்டுதான்னு பாக்க. சொட்டவும் இல்ல, ஏறவும் இல்ல. இது இன்னா வண்டியா, கெணறா?"

நம்பவில்லை. கேனை வாங்கி எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அது ஊற்ற வந்த கேனா, எடுக்க வந்த கேனா என்று கேன் சொல்லாது.

"எங்கனா மறைவா ஒயுகுதா பாரு, நான் தூக்கிப் புடிக்கிறேன்" என்று சொல்லி, சகலை ஹேண்டிலைப் பிடித்து வண்டியை ஸ்டாண்டிலிருந்து நேராக நிமிர்த்தினார். நான் வலது பக்கம் குந்தியிருந்தேன். என் மூக்குக்கு எதிரே இருந்த அந்தச் சின்னக் கண்ணாடியில் ஆயில் கிடுகிடுவென்று ஏறி, கோட்டையெல்லாம் தாண்டி, விளிம்பு வரை முட்டி நின்றது.

"சாய்ங்கண்ணா."

சாய்த்தார். காலி.

"நிமித்துங்க."

நிமிர்த்தினார். நிறைந்தது. வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றால் ஆயிலும் இடது பக்கம் போய்விடும், வலது பக்கக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. இவ்வளவுதான் விஷயம். "ஒங்க வீடியோக்காரன் சொல்லலியா?" என்றாள் மனைவியின் அக்கா. "சொல்லியிருப்பான், இந்தியில" என்றேன்.

அதிகம் ஊற்றினாலும் இன்ஜினுக்கு ஆகாது. அவர் ஊற்றியது வேற ஜாதி ஆயில் வேறு. அதனால் திரும்பவும் போல்ட்டைத் திருகி மொத்தத்தையும் இறக்கினோம். சகலை வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டார். பிறகு ஹேண்டிலுக்கு மேலே இருந்து குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"ஏன் சகல, கண்ணாடி காலியா இருந்துச்சே, நீ இன்னான்னு நெனச்ச?"

"ஒயுகுதுன்னுதாண்ணா நெனச்சேன்."

"ஒயுகுதுன்னு நெனச்சா ஏன் என்கிட்ட சொல்லல?"

வாசரைத் தேடுவது போலத் தரையைத் தடவினேன். மனைவி உள்ளே போய்விட்டாள். அவள் சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

ரெண்டு வீடும் இப்போதும் ஒரே கேட்டைத்தான் திறக்கின்றன. கோலம், மோட்டார், கருவாட்டுக் குழம்பு எதுவும் நிற்கவில்லை. ஆனால் சகலை என் வண்டியைத் தாண்டிப் போகிறபோதெல்லாம் நின்று, கை ரெண்டையும் மேலே தூக்கி, "சகல, வண்டிப் பக்கமா போறேன், ஒரு கண்ணு வெச்சிக்கோ" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். தெருவே சிரிக்கிறது, நானும் சிரிக்கிறேன். அவர் முகத்தை மட்டும் ஒவ்வொரு தரமும் உற்றுப் பார்க்கிறேன். விளையாட்டுக்குத்தான் சொல்கிறாரா என்று இன்னும் பிடிபடவில்லை.