மாவுக்கட்டோடு பார்த்த உளவாளிப் படம்

டில்லியில் ஆசிய விளையாட்டுகள் நடந்ததற்கு மறுவருடம், மார்ச் மாதம். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது. முனிர்காவில் ஒரே அறையில் மூன்று குமாஸ்தாக்கள் இருந்தோம்: என்னைவிட மூத்த திருநெல்வேலிக்காரர், இளையவரான கோயம்புத்தூர்க்காரர், தஞ்சாவூர்ப் பக்கத்து நான்.

அந்த ஆங்கில உளவாளிப் படவரிசையில் புதியது வந்தால் மூவரும் சேர்ந்து போவோம். யாராவது வர முடியாமல் போனால், பார்த்தவர் திரும்பி வந்து காட்சி விடாமல் கதை சொல்லியாக வேண்டும். எந்தச் சண்டை எந்த வருடத்துப் படத்தில் வந்தது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் சொல்லும் வேலை பெரும்பாலும் எனக்கே வரும்.

அந்த முறை திருநெல்வேலிக்காரர், ஓடுகிற பஸ்ஸில் தாவப்போய்க் கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தார். கோயம்புத்தூர்க்காரர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். நான் மட்டும் போனேன். படம் சகிக்கவில்லை. கதாநாயகனுக்கு வயதாகிவிட்டது, குதிக்கும்போதெல்லாம் வேறொருவர் முகம் தெரிந்தது. இருந்தாலும் வழக்கத்தை விடாமல், பனிமலைத் துரத்தல், ரயில் கூரைச் சண்டை, வில்லனின் தீவு, வெடிப்பு, படகில் தப்புவது என்று வரிசையாகச் சொன்னேன்.

டிரங்குப் பெட்டிமேல் காலை நீட்டியிருந்தவர் கேட்டார்: "வே, இது போன படம்லா?"

"இல்லை, புதுசு."

"அதுலயும் தீவுதான, ரயில்தான?"

"அதில் ரயில் பகலில் போகும். இதில் ராத்திரி."

"நீரு படத்துக்கே போகல. கரோல்பாக்ல தோசை தின்னுட்டு வந்து அளக்கீரு."

டிக்கெட்டின் பாதியை எடுத்துக் காட்டினேன்.

"உள்ள ஏசில தூங்கியிருப்பீரு."

தேதியைத் தவறாகச் சொன்னேன் என்றுகூட அதுவரை யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. என் சொல்லை நம்பாத மனிதரோடு ஒரே அறையில் எப்படி இருப்பது?

"ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்," என்றேன்.

"இந்தக் காலோடயா?"

"இந்தக் காலோடுதான்."

ஆட்டோக்காரர் மாவுக்கட்டைப் பார்த்தார். "ஹாஸ்பிடல்?"

"நஹி பையா, சினிமா."

வழி நெடுக, வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலை நான் பிடித்துக்கொண்டு போனேன். கன்னாட் பிளேஸ் தியேட்டரில் ஓரத்து இருக்கை கிடைத்தது. ரயில் கூரைக்கு உச்சுக் கொட்டினார். இடைவேளையில், "தீவு வரட்டும், அப்புறம் பேசுதேன்," என்றார்.

தீவு வந்தது. பலர் எழுந்து போகத் தொடங்கினார்கள். கூட்டத்துக்கு முன் நாமும் போய்விடலாமா என்றேன்.

"இரும்வே. முழுசும் பாக்காம நான் ஒத்துக்கிட மாட்டேன்."

வெடித்தது. படகு போனது. விளக்குகள் எரிந்தன.

"ஒரு சீன் விடல நீரு," என்றார். அந்தப் படத்தால் எனக்குக் கிடைத்த நன்மை அது ஒன்றுதான்.

மறுநாள் கோயம்புத்தூர்க்காரர் ஊரிலிருந்து வந்து, பையை இறக்கும் முன்பே படத்தைப் பற்றிக் கேட்டார். இந்த முறை திருநெல்வேலிக்காரரே கதை சொன்னார். தீவு வந்ததும் இளையவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இது போன படமுங்க. ரெண்டு பேருமே போகலீங்களா?"

திருநெல்வேலிக்காரர் முகம் சிவந்தது. "ஞாயித்துக்கிழமை சட்டைய மாட்டிக்கிட்டு வாரும் தம்பி. காட்டுதேன்."

மூன்றாவது தடவை என்னால் முடியாது என்றேன்.

"நீரு வரவேண்டாம்வே. சாட்சிக்கு நான் போதும்," என்று சொல்லிவிட்டு, இப்போதே கிளம்புகிறவர்போல ஊன்றுகோலைத் தேடினார்.